பாலத்திற்கும் வயதாகும்

ஒரு பாலம் கட்டி முடிக்கப்பட்டால் திறப்பு விழா நடக்கும். அமைச்சர் வருவார், நாடா வெட்டுவார், மறுநாள் நாளிதழ்களில் படம் வரும். அதே பாலத்தின் வடிகாலில் அடைத்துக் கிடக்கும் சருகையும் மண்ணையும் அள்ள ஒருவரை அனுப்பினால் விழாவும் இல்லை, படமும் இல்லை. நெடுஞ்சாலைப் பாலங்களின் கடந்த நூறாண்டு வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பவர்களுக்கு, மனித உயிர்களைப் பலிகொண்ட பல விபத்துகள் இந்த இரண்டாவது வேலையை யாரும் பெரிதாக நினைக்காததால் வந்தவை என்பது விளங்கும்.

ஒரு பாலத்தின் ஆயுள் எத்தனை ஆண்டுகள்? கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் பாலங்களை வடிவமைத்த பொறியாளர்கள் பொதுவாக ஐம்பது ஆண்டுகளை மனத்தில் வைத்துக் கணக்குப் போட்டார்கள். அமெரிக்காவில் அதிபர் ஐசனோவர் காலத்தில், 1956-ஆம் ஆண்டு, மாநிலங்களை இணைக்கும் விரைவுச் சாலைகளுக்கான சட்டம் நிறைவேறியது. அடுத்த இருபது ஆண்டுகளில் அந்நாட்டில் ஆயிரக்கணக்கான பாலங்கள் எழுந்தன. ஒரே வகுப்பில் படித்த பிள்ளைகள் எல்லாரும் ஒரே காலத்தில் பணி ஓய்வு பெறுவதுபோல, அந்தப் பாலங்களும் ஏறக்குறைய ஒரே காலத்தில் முதுமை அடைந்துவிட்டன. இன்று அமெரிக்காவின் கணக்கில் உள்ள பாலங்கள் ஆறு இலட்சத்துக்கும் மேல்.

முதுமை அடைந்த பாலம் இன்னும் தாங்குமா, தாங்காதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? இந்தக் கேள்விக்கு நாடு முழுமைக்குமான ஒரு விதிமுறை 1967 வரை அமெரிக்காவில் இருக்கவில்லை என்பதை நம்புவது கடினம். நிலவுக்கு மனிதனை அனுப்ப ஆயத்தமாகிக்கொண்டிருந்த நாடு அது. ஆனால், தன் சாலைப் பாலங்களை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை, யார், எப்படிப் பார்வையிட வேண்டும் என்று அது எழுதி வைத்திருக்கவில்லை. எழுத வைத்தது ஒரு மாலைப் பொழுது.

வெள்ளிப் பாலம்

மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், ஒஹாயோ ஆற்றின் கரையில், பாயிண்ட் பிளசண்ட் என்றொரு சிறு நகரம் உண்டு. ஆற்றின் மறுகரை ஒஹாயோ மாநிலம். இரு கரைகளையும் இணைக்க 1928-ஆம் ஆண்டு மே மாதம் ஒரு தொங்கு பாலம் திறக்கப்பட்டது. அலுமினியச் சாயம் பூசப்பட்டுப் பளபளவென்று மின்னியதால் அதற்கு 'சில்வர் பிரிட்ஜ்', அதாவது வெள்ளிப் பாலம் என்ற பெயர் நிலைத்தது.

தொங்கு பாலம் என்றால் ஆயிரக்கணக்கான கம்பிகளைச் சேர்த்து முறுக்கிய பெரிய வடம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். வெள்ளிப் பாலத்தில் வடம் இல்லை. அதற்குப் பதிலாக எஃகுச் சங்கிலி இருந்தது. இரு முனைகளிலும் துளையிட்ட நீண்ட எஃகுச் சட்டங்களை ஒன்றோடொன்று சேர்த்து, துளைகளின் வழியே தடித்த எஃகு முளையைச் செருகிப் பூட்டியிருந்தார்கள். சைக்கிள் சங்கிலியைப் பெரிதாகக் கற்பனை செய்துகொண்டால் போதும். இத்தகைய சங்கிலிப் பாலங்கள் அதற்கு முன்பும் இருந்தன. ஆனால், அவற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் பல சட்டங்களை அடுக்கி வைப்பது வழக்கம். ஒன்று உடைந்தாலும் மற்றவை தாங்கும். வெள்ளிப் பாலத்திற்கு அக்காலத்தில் புதிதாக வந்த மிகவும் உறுதியான எஃகைப் பயன்படுத்தினார்கள். உறுதி கூடியதால் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். ஒரு கண்ணிக்கு இரண்டே சட்டங்கள். செலவு குறைந்தது. ஆனால் ஒன்று போனால் இன்னொன்று தனியாகத் தாங்காது என்ற நிலையும் அப்போதே பிறந்துவிட்டது.

1967-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. மாலை ஐந்து மணி. வேலை முடிந்து வீடு திரும்புவோரும், கிறிஸ்மஸ் பண்டிகைக்குப் பொருள் வாங்கச் சென்று வருவோருமாகப் பாலத்தில் வாகனங்கள் நிறைந்து நின்றன. திடீரென்று பாலம் ஆடியது. ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆற்றின் மேலிருந்த பாலம் முழுவதும், கோபுரங்கள் உட்பட, குளிர்ந்த நீரில் சரிந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட வாகனங்கள் விழுந்தன. 46 பேர் மாண்டனர். அவர்களில் இருவரின் உடல்கள் இறுதிவரை கிடைக்கவேயில்லை.

ஆற்றுக்குள் கிடந்த இரும்பை எல்லாம் வெளியே எடுத்து, ஒரு பெரிய திடலில் பாலத்தின் வடிவிலேயே பரப்பி வைத்து ஆராய்ந்தார்கள். தேடல், ஒஹாயோ கரைப் பக்கத்துச் சங்கிலியில் இருந்த ஒரே ஒரு சட்டத்தில் வந்து நின்றது. 330 என்ற எண் கொண்ட சட்டம் அது. அதன் முனையில் இருந்த துளையின் உட்பக்கத்தில் ஏறக்குறைய 3 மில்லி மீட்டர் ஆழத்துக்கு ஒரு வெடிப்பு இருந்திருக்கிறது. முப்பத்தொன்பது ஆண்டுகளாகத் துருவும் இழுவிசையும் சேர்ந்து அதை மெல்ல மெல்ல வளர்த்திருக்கின்றன. அன்று அந்த எஃகு கண்ணாடி உடைவதுபோல் பட்டென்று பிளந்தது. அடுத்த சட்டம் மட்டும் முளையில் ஒரு பக்கமாகத் தொங்கியது. முளை நழுவியது, சங்கிலி அறுந்தது. பாலத்தின் கோபுரங்கள் அடியில் அசைந்து கொடுக்கும் வகையைச் சேர்ந்தவை. அவற்றை நிமிர்த்தி வைத்திருந்ததே சங்கிலியின் இழுவிசைதான். சங்கிலி போனதும் கோபுரங்களுக்கும் நிற்க வழியில்லை.

விசாரணை நடத்திய தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொன்னது. அந்த வெடிப்பு இருந்த இடம் கண்ணுக்குத் தெரியாத இடம். மூட்டைப் பிரித்துப் போட்டால் அன்றி, அன்று அறியப்பட்டிருந்த எந்தச் சோதனை முறையாலும் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. உலகிலேயே கூர்மையான கண் கொண்ட பொறியாளர் ஏணி போட்டு அந்த மூட்டின் முன்னால் நாள் முழுவதும் நின்றிருந்தாலும் வீடு திரும்பும்போது "நன்றாக இருக்கிறது" என்றுதான் எழுதியிருப்பார்.

பாரத்தையும் சொல்ல வேண்டும். பாலம் வடிவமைக்கப்பட்ட காலத்தில் சாலையில் ஓடிய சாதாரணக் காரின் எடை சுமார் 700 கிலோ. சட்டம் அனுமதித்த லோரியின் எடை சுமார் 9 டன். 1967-இல் கார்களின் எடை இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தது, லோரிகளின் எடை ஏறக்குறைய மூன்று மடங்கு. பாலம் அதேதான், அதன்மேல் ஓடியவைதான் பருத்துவிட்டன.

இந்த நகரத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. விபத்துக்கு முந்திய ஓராண்டு காலமாகச் சிவந்த கண்களும் சிறகுகளும் கொண்ட ஓர் உருவத்தைக் கண்டதாக ஊர் மக்கள் பலர் கூறிவந்தார்கள். அது பாலம் விழப்போவதை முன்னறிவிக்க வந்தது என்ற நம்பிக்கை பின்னாளில் பரவியது. 2002-ஆம் ஆண்டில் ஹாலிவுட் அதைத் திரைப்படமாகவும் எடுத்தது. இன்று ஆண்டுதோறும் அந்த உருவத்தின் பெயரால் நகரத்தில் திருவிழா நடக்கிறது. சிறகு முளைத்த உருவம் சுற்றுப்பயணிகளை இழுக்கும். 3 மில்லி மீட்டர் வெடிப்பு யாரை இழுக்கப் போகிறது?

ஆயினும் அரசாங்கம் வெடிப்பைத்தான் பிடித்துக்கொண்டது. அதிபர் ஜான்சன் பாலங்களின் பாதுகாப்பை ஆராயக் குழு அமைத்தார். 1968-இல் சட்டம் வந்தது. 1971-இல் தேசியப் பாலப் பரிசோதனை விதிமுறைகள் நடைமுறைக்கு வந்தன. பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை. பயிற்சி பெற்றவரே அதை நடத்த வேண்டும். கண்டதை எழுதிப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். வெள்ளிப் பாலத்தின் இரட்டைப் பிறவி என்று சொல்லத்தக்க இன்னொரு பாலம் அதே ஆற்றில் செயிண்ட் மேரிஸ் என்னுமிடத்தில் இருந்தது. அதே வடிவம், அதே ஆண்டு. விபத்துக்குப் பின் அதை மூடினார்கள், 1971-இல் இடித்துத் தள்ளினார்கள்.

தாரால் மூடப்பட்ட வடிகால்

விதிமுறை வந்துவிட்டது. பரிசோதகர்கள் புறப்பட்டுப் போனார்கள். அதற்குப் பிறகும் பாலங்கள் விழுந்தன. ஏன் விழுந்தன என்பதில்தான் இந்த வரலாற்றின் சாரம் இருக்கிறது.

1983-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் தேதி, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி. கனெக்டிகட் மாநிலத்தின் கிரீனிச் நகரில், மியானஸ் ஆற்றின் மீதுள்ள விரைவுச் சாலைப் பாலத்தில் சுமார் 30 மீட்டர் நீளத் தளம் ஒன்று அப்படியே கழன்று விழுந்தது. இருளில் வந்த வாகனங்கள் வெற்றிடத்தில் பாய்ந்தன. மூவர் இறந்தனர், மூவர் படுகாயமடைந்தனர். பகல் நேரமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே அச்சமாக இருக்கும். நியூயார்க்கிற்குச் செல்லும் முக்கியமான சாலை அது.

காரணம் ஒரு வடிகால். சுமார் பத்து ஆண்டுகளுக்கு முன்பு சாலையைச் செப்பனிட்டபோது பாலத்தின் வடிகால்களைத் தாரால் மூடிவிட்டிருந்தார்கள். பனியே காணாத நாடுகளில் வாழ்பவர்களுக்கு ஒரு விவரம் சொல்லியாக வேண்டும். குளிர் நாடுகளில் சாலையில் பனி உறைந்து வழுக்காமல் இருக்க உப்பைக் கொட்டுவார்கள். உப்பு கலந்த நீர் வடிகால் வழியே போகாமல் மூட்டுகளின் இடுக்கில் இறங்கியது. அந்தத் தளம் எஃகு முளைகளில் மாட்டிய தொங்கு பட்டைகளால் தாங்கப்பட்டிருந்தது. இரும்பு துருவாகும்போது அது முன்பு பிடித்த இடத்தைவிட அதிக இடத்தைப் பிடிக்கும். பழைய வீட்டுக் கான்கிரீட் உத்தரத்தில் கம்பி துருப்பிடித்துச் சிமெண்டைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வருவதைப் பலரும் பார்த்திருக்கலாம். அங்கேயும் அதேதான். துரு பருத்துப் பருத்து, பட்டையை முளையிலிருந்து வெளியே தள்ளிவிட்டது.

பாலத்திற்கு அருகில் குடியிருந்தவர்கள் அதிலிருந்து விநோதமான சத்தம் வருவதாகக் கூறியிருந்தார்கள். அதிகாரபூர்வப் பரிசோதனையும் அதற்கு முன் நடந்தே இருந்தது. ஆனால் அன்றைக்குக் கனெக்டிகட் மாநிலத்தில் 3,425 பாலங்களுக்குப் பரிசோதகர்கள் பன்னிரண்டு பேர்தான். இருவர் இருவராகச் செல்வார்கள். ஆக, ஆறு குழுக்கள். ஒரு பாலத்துக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கியிருக்க முடியும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். வெள்ளிப் பாலத்தில் பார்க்க முடியாததால் தெரியவில்லை. மியானஸில் பார்க்க முடிந்தது. நின்று பார்க்க ஆளில்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1987 ஏப்ரல் 5-ஆம் தேதி, நியூயார்க் மாநிலத்தில் ஸ்கோஹரி ஓடையின் பாலம் விழுந்து பத்துப் பேர் இறந்தனர். கனமழையும் உருகிய பனியும் சேர்ந்த வெள்ளம் தூணின் அடியில் இருந்த மண்ணை அரித்துவிட்டது. தூணைச் சுற்றிக் காவலாகப் போட்டிருந்த கற்கள் பல ஆண்டுகளாக வெள்ளத்தில் சிறிது சிறிதாகப் போயிருந்தன. அவற்றை மீண்டும் சரியாகப் போடவில்லை. பாலத்தின் மேற்பகுதியைப் பார்த்தவர்கள் தண்ணீருக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கவில்லை. அதன் பிறகு 1988-இல் நீருக்கடியிலும் பரிசோதனை நடத்த வேண்டும் என்று விதி சேர்க்கப்பட்டது. இப்படி ஒவ்வொரு விபத்தும் விதிமுறைப் புத்தகத்தில் ஒரு புதிய பக்கத்தைச் சேர்த்துக்கொண்டே வந்தது. அந்தப் பக்கங்களுக்குக் கொடுத்த விலைதான் அதிகம்.

புகைப்படத்தில் இருந்த வளைவு

2007 ஆகஸ்ட் முதல் தேதி மாலை ஆறு மணி ஐந்து நிமிடம். மின்னியாபொலிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றைக் கடக்கும் எட்டுத் தடப் பாலம் சில விநாடிகளில் ஆற்றில் விழுந்தது. 111 வாகனங்கள் அப்போது அதன்மேல் இருந்தன. 13 பேர் இறந்தனர், 145 பேர் காயமடைந்தனர். பிள்ளைகளை ஏற்றிவந்த ஒரு பேருந்து பக்கத் தடுப்பின்மேல் சாய்ந்து நின்றது. அதிலிருந்த எல்லாரும் உயிர் பிழைத்தனர்.

நாற்பது ஆண்டுப் பாலம் அது. 1991 முதலே 'கட்டமைப்பில் குறையுள்ளது' என்ற பிரிவில் பதிவாகியிருந்தது. முதலில் எல்லாரும் துருவையும் பழைய வெடிப்புகளையும் சந்தேகித்தார்கள். விசாரணை வேறு முடிவைத் தந்தது. எஃகுச் சட்டங்கள் சந்திக்கும் இடங்களில் அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் இணைப்புத் தகடுகள் உண்டு. சில முக்கியமான இடங்களில் அந்தத் தகடு அரை அங்குலத் தடிப்பில் இருந்தது. ஓர் அங்குலம் இருந்திருக்க வேண்டும். 1960-களில் வரைபடம் போட்டபோதே நேர்ந்த பிழை. இடையில் பாலத்தின் தளத்தைத் தடிப்பாக்கினார்கள், தடுப்புச் சுவர்களை மாற்றினார்கள். எடை கூடியது. விழுந்த அன்று சாலைச் சீரமைப்புக்காக மணலும் கல்லும் இயந்திரங்களுமாக 250 டன்னுக்கும் மேல் ஓரிடத்தில் குவிந்திருந்தது. அந்த இடம் பலவீனமான தகடுகளுக்கு மேலேயே அமைந்துவிட்டது.

இதில் நெஞ்சைத் தைக்கும் செய்தி ஒன்று உண்டு. 1999-லும் 2003-லும் எடுக்கப்பட்ட புகைப்படங்களில் அந்தத் தகடுகள் லேசாக வளைந்திருப்பது தெரிகிறது. படம் எடுத்தவர்கள் இருந்தார்கள், படமும் கோப்பில் இருந்தது. வளைவு சொன்ன செய்தியைப் படிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஏனென்றால், தகடுகள் எப்போதும் சட்டங்களைவிட உறுதியானவை என்பது பொறியியல் உலகில் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளப்பட்ட எண்ணமாக இருந்தது. பாலத்தின் தாங்குதிறனைக் கணக்கிடும்போதுகூட தகடுகளைச் சேர்ப்பது வழக்கமில்லை. வரைபடம் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி, மூப்பை மட்டும் தேடியவர்களின் கண்ணுக்குப் பிறவிக் குறை தட்டுப்படவில்லை.

மறு ஆண்டே அதே இடத்தில் புதிய பாலம் திறக்கப்பட்டது. அதற்குள் முன்னூறுக்கும் மேற்பட்ட உணர்கருவிகளைப் பதித்தார்கள். அமெரிக்காவின் கூட்டரசு நெடுஞ்சாலை நிர்வாகம் 2008-இல் இன்னொரு நீண்ட முயற்சியையும் தொடங்கியது. பல வகையான பாலங்களைத் தேர்ந்தெடுத்து, இருபது ஆண்டுக் காலம் தொடர்ந்து அவற்றின் உடல்நிலையைக் கவனித்து வரும் திட்டம் அது. பாலத்தின் தளம் எத்தனை ஆண்டில் வெடிக்கிறது, உப்பு எவ்வளவு ஆழம் இறங்குகிறது, மூட்டு எப்போது ஒழுகத் தொடங்குகிறது என்பனவெல்லாம் ஊகமாக இல்லாமல் அளவாகக் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். சொந்தக்காரர் இல்லாத நோயாளியைப்போல் இருந்த பாலங்களுக்கு ஒரு மருத்துவக் கோப்பு கிடைத்தது.

கட்டியவரே சொன்னார்

அமெரிக்காவை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. இத்தாலியின் ஜெனோவா நகரில் 1967 செப்டம்பரில் ஒரு பாலம் திறக்கப்பட்டது. மூன்று மாதம் கழித்துத்தான் வெள்ளிப் பாலம் விழுந்தது என்பது ஒரு தற்செயல். ரிக்கார்டோ மொராண்டி என்னும் புகழ்பெற்ற பொறியாளர் வடிவமைத்ததால் மொராண்டி பாலம் என்றே அதை அழைத்தார்கள். 1,182 மீட்டர் நீளம். உயர்ந்த கோபுரங்களிலிருந்து சாய்வாக இறங்கும் எஃகுக் கம்பிகள் தளத்தைத் தாங்கின. அந்தக் கம்பிகளை மொராண்டி கான்கிரீட் உறைக்குள் வைத்தார். மழையும் கடற்காற்றும் எஃகைத் தொடாமல் காப்பாற்றவே அப்படிச் செய்தார். புதுமையான யோசனை என்று பாராட்டினார்கள்.

ஆனால், உறையில் நுண்ணிய வெடிப்பு விழுந்தால் ஈரம் உள்ளே புகும். உள்ளே துருவேறுவது வெளியே தெரியாது. காப்பாக இருந்த கான்கிரீட்டே திரையாகவும் ஆகிவிட்டது. அதோடு கோபுரத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் தாங்கு கம்பிக் கற்றைகள் மிகச் சிலவே. ஒன்று போனால் பகிர்ந்துகொள்ள வேறில்லை. ஒரு கண்ணிக்கு இரண்டே சட்டம் வைத்த வெள்ளிப் பாலத்தின் கதை கடல் கடந்து வேறு உருவில் வந்து நின்றது.

இதை முதலில் கவனித்துச் சொன்னவர்களில் மொராண்டியும் ஒருவர். பாலம் திறந்து பன்னிரண்டு ஆண்டுகளில், 1979-இல், கடலின் உப்புக்காற்றும் அருகிலுள்ள தொழிற்சாலைகளின் புகையும் பாலத்தை எதிர்பார்த்ததைவிட வேகமாகப் பாதிப்பதை அவர் எழுதினார். தொடர்ந்து துரு நீக்கிப் பாதுகாப்புப் பூச்சுப் பூச வேண்டும் என்றார். தன் படைப்பின் குறையைத் தானே எழுதுவதற்கு ஒரு துணிவு வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் ஒரு கோபுரத்தின் கம்பிகளுக்கு மட்டும் வெளிப்புறமாகப் புதிய கம்பிகளைச் சேர்த்துப் பலப்படுத்தினார்கள். மற்றவை அப்படிச் செய்யப்படவில்லை.

2018 ஆகஸ்ட் 14-ஆம் தேதி முற்பகல் 11 மணி 36 நிமிடத்துக்கு, கொட்டும் மழையில், பலப்படுத்தப்படாத ஒன்பதாம் கோபுரமும் அது தாங்கிய தளமும் விழுந்தன. 200 மீட்டருக்கும் மேலான நீளம். 43 பேர் உயிரிழந்தனர். மறுநாள் இத்தாலியில் பெரும் விடுமுறை நாள். குடும்பத்தோடு கடற்கரைக்குப் புறப்பட்டவர்களும் அவர்களில் அடங்குவர். பச்சை நிற லோரி ஒன்று அறுந்த விளிம்புக்குச் சில மீட்டர் முன்னால் நின்ற படத்தை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. பாலத்தை நிர்வகித்த நிறுவனத்தினர், அமைச்சு அதிகாரிகள் என ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மீதான வழக்கு விசாரணை 2022-இல் தொடங்கியது.

பதிவேட்டில் எல்லாம் இருந்தது

கடைசியாக ஒரு சிறிய பாலம். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரம் பாலங்களின் நகரம் என்றே பெயர் பெற்றது. அங்கே ஒரு பூங்காவின் பள்ளத்தைக் கடக்கும் ஃபெர்ன் ஹாலோ பாலம் 1970-களின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. சாயம் பூசத் தேவையில்லாத ஒரு வகை எஃகை அதற்குப் பயன்படுத்தினார்கள். அதன்மேல் படியும் முதல் துருவே கவசமாகி உள்ளிருக்கும் எஃகைக் காக்கும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. நனைந்தால் பிறகு காய வேண்டும். ஓயாமல் ஈரமாக இருந்தால் கவசம் உருவாகாது. துரு தின்றுகொண்டே போகும்.

பாலத்தின் வடிகால்கள் சருகாலும் குப்பையாலும் அடைத்துக்கொண்டன. தளத்திலிருந்து வழிந்த நீர் பாலத்தின் சாய்வான எஃகுக் கால்களில் இறங்கி, அடியில் தேங்கியது. பரிசோதகர்கள் விதிப்படி வந்தார்கள். கால்களில் துரு தின்று ஓட்டை விழுந்திருப்பதைப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், வடிகாலைத் துப்புரவு செய்ய வேண்டும், காலைச் செப்பனிட வேண்டும் என்று எழுதினார்கள். அடுத்த முறையும் வந்து அதையே எழுதினார்கள். 2011 முதல் பாலத்தின் நிலை 'மோசம்' என்றே பதிவானது. 2018-இல், பாலத்தின் அடியில் ஒரு குறுக்குச் சட்டம் முற்றாகத் துருப்பிடித்து அறுந்து கிடப்பதை அவ்வழியே நடந்துபோன ஒருவர் படமெடுத்து இணையத்தில் போட்டுக் கேள்வியும் கேட்டார்.

2022 ஜனவரி 28-ஆம் தேதி காலை ஆறரை மணி கடந்து சில நிமிடங்களில் பாலம் பள்ளத்தில் இறங்கியது. ஒரு நீண்ட பேருந்தும் சில கார்களும் அதோடு சேர்ந்து இறங்கின. யாரும் இறக்கவில்லை. இரவில் பனி பெய்ததால் அன்று பள்ளிகள் தாமதமாகவே தொடங்கவிருந்தன; சாலையில் கூட்டமில்லை. பாலங்களையும் சாலைகளையும் சீரமைப்பதைப் பற்றி உரையாற்ற அதிபர் பைடன் அன்றுதான் அந்த நகரத்துக்கு வரவிருந்தார். வந்தவர், விழுந்து கிடந்த பாலத்தையும் பார்த்துவிட்டுப் போனார்.

இரண்டு ஆண்டு விசாரணைக்குப் பிறகு 2024-இல் பாதுகாப்பு வாரியம் முடிவைச் சொன்னது. வெள்ளிப் பாலத்தை ஆராய்ந்த அதே வாரியம். 1967-இன் குறையை எந்தக் கண்ணும் பார்த்திருக்க முடியாது. பிட்ஸ்பர்க்கில் எல்லாரும் பார்த்தார்கள், திரும்பத் திரும்ப எழுதினார்கள். எழுதியதைக் கேட்டு நகர நிர்வாகம் செயல்படாததே காரணம் என்று வாரியம் கூறியது. பாலத்தின் தாங்குதிறனைக் கணக்கிட்டவர்கள் தளத்தில் போட்டிருந்த தாரின் தடிப்பை ஏறக்குறைய பாதியாகவே எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதும் தெரியவந்தது. அளந்து பார்த்திருந்தால் பாலத்தை மூடச் சொல்லியிருக்கும் கணக்கு அது.

புதிய பாலம் அதே ஆண்டு டிசம்பரில் திறக்கப்பட்டது. பதினொரு மாதம்கூட ஆகவில்லை. அடைத்துக் கிடந்த வடிகாலைத் துப்புரவு செய்யப் பல ஆண்டுகளாகக் கிடைக்காத ஆளும் பணமும் நேரமும், பாலம் விழுந்த சில நாட்களிலேயே கிடைத்துவிட்டன.

பாயிண்ட் பிளசண்டில், வெள்ளிப் பாலம் விழுந்து சரியாக இரண்டாம் ஆண்டு நிறைவு நாளில், 1969 டிசம்பர் 15-ஆம் தேதி, சற்றுத் தள்ளிப் புதிய பாலம் திறக்கப்பட்டது. மாண்டவர்களின் நினைவாக 'சில்வர் மெமோரியல் பிரிட்ஜ்' என்று பெயரிட்டார்கள். விழுந்த பாலம் நின்றது முப்பத்தொன்பது ஆண்டுகள். இந்தப் பாலமோ ஐம்பதைத் தாண்டிவிட்டது.